அறுபதுக்குப் பிறகு கும்மி

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் பேச்சுக்கு ‘நாட்டார் ஆடலும் உடற் சமநிலையும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். செயலாளர் தங்கச்சி தொலைபேசியில் கேட்டபோது நான் சொன்ன தலைப்பு வேறு. “விழுவதைப் பற்றிப் பேசுகிறேன்” என்றுதான் சொன்னேன். நூற்றாண்டு விழாவில் விழுவதைப் பற்றிப் பேசுவதா என்று யோசித்து மாற்றியிருக்கிறார் போலும். பரவாயில்லை, இரண்டும் ஒன்றுதான்.

என்னைத் தெரியாத இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் எலுவன்குளத்துப் பிள்ளை. புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லைத் தாண்டிப் போனால், கலா ஓயா கடலேரியில் சேருமிடத்துக்குக் கிட்ட எங்கள் ஊர். ஆற்றைக் கடந்தால் வில்பத்துக் காடு. அங்கிருந்து ஆறாம் வகுப்பில் ஒரு தகரப் பெட்டியோடு இந்த விடுதிக்கு வந்தேன். பிறகு இயன்மருத்துவம் படித்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து, ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பினேன்.

அந்த முப்பது வருடமும் என் வேலையில் பெரும்பங்கு, விழுந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்குவது. அப்படி இருந்தும் என் சொந்த அம்மா விழுந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். இரவு கழிவறைக்குப் போக எழும்பியவர், இருட்டில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கால் ஊன்றப் பயம். பயத்தால் நடக்கவில்லை, நடக்காததால் கால் மெலிந்தது, கால் மெலிந்ததால் பயம் கூடியது. எட்டு மாதத்தில் போய்விட்டார். எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளை அம்மாவுக்கு ஒரு நாளும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. விழுந்த பிறகுதானே நாங்கள் இயன்மருத்துவரைத் தேடுகிறோம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நம் நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் பெண்கள்தான் அதிகம். இந்த மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தால் அதற்குக் கணக்கெடுப்பே தேவையில்லை.

ஒருவர் நேராக நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போக வேண்டும். ஒன்று கண். இரண்டாவது உட்காதிலுள்ள அரைவட்டக் குழாய்கள். தலை திரும்புவதையும் சாய்வதையும் அவை சொல்கின்றன. மூன்றாவது உள்ளங்காலும் கணுக்காலும் முழங்காலும். தரை எப்படி இருக்கிறது, உடம்பின் பாரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவை சொல்கின்றன. இது ஒரு முக்காலி மாதிரி. வெள்ளெழுத்தும் புரையும் வந்தால் ஒரு கால் ஆடும். சீனி வருத்தத்தால் பாதம் மரத்துப்போனால் இன்னொரு காலும் ஆடும். பிறகு இருட்டில் எழும்பி நடந்தால் என்ன ஆகும்? அம்மாவுக்கு ஆனதுதான்.

ஆனால் இந்த முக்காலியைப் பழக்கத்தால் பலப்படுத்தலாம். சமநிலை என்பது எலும்பு மாதிரி உடம்பில் இருக்கிற ஒரு பொருள் அல்ல. சைக்கிள் ஓட்டுவது போல ஒரு பழக்கம். விட்டால் போகும், தொட்டால் வரும், எந்த வயதிலும் வரும். இது என் ஆசைக்குச் சொல்வதல்ல. 2019இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட பெரிய மீளாய்வு ஒன்று இருக்கிறது. 25 நாடுகளில் 23,000க்கு மேற்பட்ட முதியோர் பங்குபற்றிய 108 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சமநிலைப் பயிற்சி செய்தவர்களிடம் விழுகைகள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே மீளாய்வு, நடனம் மட்டும் விழுகையைக் குறைக்குமா என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றும் சொல்கிறது. ஆகவே ‘ஆடினால் போதும்’ என்று நான் சொல்ல மாட்டேன். எந்த ஆட்டம், எப்படி ஆடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய முதல் வருடம் நான் செய்த முதல் முயற்சி படுதோல்வி. படம் போட்டு ஒரு தாள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நில், குதிகால் உயர்த்து, கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பு. எல்லோரும் மரியாதையாக வாங்கினார்கள். இரண்டு கிழமை கழித்துப் போனால் ஒரு வீட்டில் அந்தத் தாள் மிளகாய்த்தூள் போத்தலுக்கு மூடியாக இருந்தது. என் பெரியம்மா வெளிப்படையாகவே கேட்டார்: “இந்த வயசில சுவரைப் பிடிச்சுக்கொண்டு கொக்கு மாதிரி நிக்கச் சொல்றியே பிள்ளை, பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?”

பெரியம்மாவுக்கு அப்போது 76 வயது. அதற்கு முந்தின வருடம் முற்றம் கூட்டும்போது பின்பக்கமாக ஒரு அடி வைத்தவர், தடுமாறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். அதன் பிறகு கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டு விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கதை என் கண் முன்னால் இரண்டாவது முறை தொடங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் அடுத்த வளவுப் பிள்ளைகள் தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் கும்மி பழகினார்கள். வேப்பமரத்தடியில் பின்னேரம் நாலரை மணிக்குப் பத்துச் சிறுமிகள். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். இந்தப் பாடசாலையில் நாமும் அப்படித்தான் ஆடினோம், பரிசும் வாங்கினோம். ஆனால் முப்பது வருடம் நோயாளிகளின் காலைப் பார்த்த கண்ணால் கும்மியைப் பார்த்தது அன்றுதான்.

பக்கமாக நகர்வதை முதலில் கவனித்தேன். நம் அன்றாட வாழ்க்கை முழுக்க முன்னோக்கித்தான் இருக்கிறது. கிணற்றடிக்கு, அடுப்படிக்கு, பஸ்ஸுக்கு, எல்லாம் முன்னோக்கி. பக்கவாட்டில் காலெடுத்து வைக்கும் வேலையே இல்லை. அதனால் இடுப்பின் இரு பக்கத்திலும் உள்ள தசைகள் மெலிகின்றன. ஆனால் இடுப்பெலும்பை முறிக்கும் விழுகை பெரும்பாலும் பக்கவாட்டு விழுகைதான். சரியும் நேரத்தில் கால் பக்கமாகப் பாய்ந்து ஊன்ற வேண்டும். அந்தப் பாய்ச்சல் பழகாத காலுக்கு வராது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மாரியில் சப்பாத்துப் பாலத்தின் மேல் கலா ஓயாத் தண்ணீர் ஏறி ஓடும். அப்பா சொல்வார்: ஓட்டத்தைப் பார்த்து நில், பக்கமாக நகர், ஒரு கால் நன்றாக ஊன்றிய பிறகு மற்றக் காலை எடு. (இன்றைக்கு அப்படிக் கடக்க யாரும் போகாதீர்கள், ஆட்கள் அடிபட்டுப் போயிருக்கிறார்கள்.) கும்மி வட்டம் சுற்றிவரும்போது காலில் நடப்பது அதுதான். ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பின் பாரம் ஒரு காலில் இறங்கி, அடுத்த தட்டுக்கு மற்றக் காலுக்கு மாறுகிறது. கொக்கு மாதிரி நிற்கச் சொன்னால் வெட்கப்படுகிற பெரியம்மா, கும்மியில் ஒரு பாட்டுக்குள் நூறு தரம் ஒற்றைக் காலில் நின்றுவிடுவார், தெரியாமலே.

குனிந்து தட்டி நிமிர்வது தொடைக்கு வேலை. உள்வட்டம் பார்த்து, வெளிவட்டம் பார்த்துத் திரும்புவது உட்காதுக்கு வேலை. இவற்றை விட எனக்குப் பெரிதாகப் பட்டது பாட்டு. 1997இல் சுவீடனில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. முதியோர் இல்லத்தில் 58 பேரை நடக்கவிட்டுக் கூட நடந்து பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் விழுந்தார்கள். நடக்கும்போது மனம் முழுவதும் காலிலேயே இருக்க வேண்டியவர்களுக்கு, யாராவது கூப்பிட்டாலே போதும், சமநிலை குலைந்துவிடும். கும்மியில் என்ன செய்கிறோம்? பாடிக்கொண்டே கால் வைக்கிறோம், அடுத்த அடியை ஞாபகப்படுத்திக்கொண்டே கை தட்டுகிறோம், பக்கத்தில் நிற்பவளின் மேல் மோதாமல் திரும்புகிறோம். எங்கள் துறையில் இதற்குப் பெரிய பெயரெல்லாம் இருக்கிறது. ஆச்சிமாருக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

ஜெனீவாவில் இதையே வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். அந்த ஊர்க்காரரான டால்குரோஸ் என்ற இசையாசிரியர், பியானோத் தாளத்துக்கு நடந்து திரும்பி அசைந்து இசை கற்கும் முறையொன்றை உருவாக்கியவர். 65 வயது தாண்டிய 134 பேரை வைத்து அந்த முறையில் கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் விழுகை, பெறாதவர்களிடம் இருந்ததில் பாதிக்கும் கீழே. தாளம் மாறும்போது நடை மாற வேண்டும், சொன்னவுடன் திரும்ப வேண்டும், கையும் காலும் வேறு வேறு செய்ய வேண்டும். அதை வாசித்தபோது பியானோ இருந்த இடத்தில் எனக்குக் கேட்டது கைத்தட்டுத்தான்.

சரி, எங்கள் வேப்பமரத்தடிக்கு வருகிறேன். சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள் என்று ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டேன். முதல் நாள் ஏழு பேர். நான் அவசரப்பட்டேன். மூன்றாவது கிழமையே சுழன்று திரும்பும் அடியைக் கொடுத்தேன். ஒரு அக்காவுக்குத் தலை சுற்றி அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். நல்லவேளை அடிபடவில்லை. முழுத் தவறும் என்னுடையது. அன்றிலிருந்து ஒழுங்கை மாற்றினேன். முதலில் கதிரையில் இருந்தபடி பாட்டும் தட்டும். பிறகு எழும்பிக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கமாக அடி. பிறகு கை விடுவது. பிறகுதான் குனிவது. திரும்புவது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் கால் வட்டம் மட்டும்.

பெரியம்மா வந்தார். ஆனால் வட்டத்துக்குள் வரவில்லை. “நான் இஞ்ச இருந்து பார்க்கிறன், நீங்க ஆடுங்க” என்பார். முழங்கால் நோவு என்று நினைத்து நோவுக்கு எண்ணெய் கொடுத்தேன். சில கிழமைகள் கழித்து அயல்வீட்டு அக்கா ஒருவர்தான் மெல்லச் சொன்னார்: “அவ புருஷன் செத்த பிறகு கும்மிக்கு நிக்கிறதில்ல பிள்ளை. உங்கட அம்மாவும் அப்பிடித்தானே.”

எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததை யோசிக்காமல் இருந்திருக்கிறேன். கன்னிப் பெண்கள் ஆடலாம். சுமங்கலிகள் சடங்குக்கு ஆடலாம். தாலி போனவள் வட்டத்துக்கு வெளியே. அம்மா ஊரிலேயே நல்ல கும்மிக்காரி என்று சொல்வார்கள். அப்பா போனபோது அவருக்கு 52 வயது.  அந்த வயதில்தான் ஊர் அவருடைய காலைக் கட்டி வைத்தது. விதவையாகாதவர்களுக்கும் இதே கதைதான், கொஞ்சம் மென்மையாக. பிள்ளை பெற்றவள், பேரப்பிள்ளை கண்டவள் ஆடினால் என்ன சொல்வார்கள்? கும்மியைப் பத்து வயதுப் பிள்ளைக்கு மேடையில் கொடுத்துவிட்டு, அது தேவைப்படுகிற எழுபது வயதுக்காரியைக் கதிரையில் இருத்திக் கைதட்டச் சொல்கிறோம். நம் பாடசாலை விழாக்களும் இதற்கு விலக்கல்ல, இன்றைய விழா உட்பட. முன்வரிசையில் இருக்கும் அக்காமார் மன்னிக்க வேண்டும்.

பெரியம்மாவோடு நான் வாதாடவில்லை. வாதாடி வெல்லக்கூடிய ஆள் அல்ல அவர். பாட்டுத்தான் அவரைக் கூட்டி வந்தது. எங்களுக்கு ஒரு பழைய பாட்டின் முதல் அடி மட்டும் தெரியும், மிச்சம் அவருக்குத்தான் தெரியும். கதிரையில் இருந்து பாடிக் கொடுத்தார். ஒருநாள் ஒருத்தி திரும்பத் திரும்ப இடது காலை முன்வைத்தாள். “அப்பிடியில்ல, வலதுகால், வலதுகால்” என்று கத்தியவர், பொறுக்க முடியாமல் எழும்பி உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்துத் தானே அடி வைத்துக் காட்டினார். பாட்டு முடிந்தது. அவர் திரும்பிப் போகவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை இன்னும் இரண்டு பேர், இரண்டு பேருமே கணவனை இழந்தவர்கள், தாங்களாகவே வந்து நின்றார்கள்.

இப்போது பதினாறு பேர் வருகிறார்கள். சிங்கள அயலவர் ஒருவர் வந்து அவர்களுடைய லீ கெளி அடியைப் பழக்கினார். அது நம் கோலாட்டத்தின் சகோதரிதான். முஸ்லிம் ஊர்களில் பொல்லடி, களிகம்பு என்று ஆண்கள் கம்போடு ஆடுவதும் அதே குடும்பம். புத்தளத்துக்குக் கிட்டச் சிரம்பையடியில் ஆபிரிக்க வம்சத்தவர் பாடி ஆடும் மாஞ்சாவையும் ஒருநாள் பார்க்க வேண்டும் என்று எங்கள் குழுவுக்கு ஆசை. சிலாபப் பக்கம் உடப்பில் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அதன் வேலையே அத்தனை பேருடைய கால்களையும் வழுகும் மணலில் ஒரே நேரத்தில் ஊன்றவைப்பதுதான். இந்தக் கரையோரத்தில் தாளத்துக்குக் கால் ஊன்றுவதை யாரும் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

போன மாரியில் பெரியம்மாவுக்குப் பின்வாசற் படியில் கால் வழுக்கியது. நான் முற்றத்தில் நின்று பார்த்தேன். உடம்பு இடது பக்கம் சரிந்தது, இடது கால் பக்கமாகப் பாய்ந்து ஊன்றியது, கை கதவுநிலையைப் பிடித்தது. விழவில்லை. எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: “கால் தானாப் போச்சு பிள்ளை.” ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு அடியை நான் மறக்க மாட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் தோழியர் இந்த மலரை வாசிப்பீர்கள். ஸ்காபரோவில் இருக்கும் என் வகுப்புத் தோழி, பனி உறைந்தால் மூன்று மாதம் வீட்டுக் கதவைத் திறப்பதில்லை என்கிறாள். தனியாக எப்படிக் கும்மி ஆடுவது என்று கேட்டாள். ஆட முடியாதுதான், வட்டத்துக்கு ஆள் வேண்டும். நாலு பேரைத் தேடு என்றேன். அதுவரை சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு, பாடிக்கொண்டு, பக்கமாகப் பத்தடி போய்ப் பத்தடி வா. 65 தாண்டியவர்கள் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சியைக் கிழமைக்கு மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்பது 2020இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆகவே சனிக்கிழமை மட்டும் ஆடிவிட்டு மற்ற நாளெல்லாம் படுத்திருந்தால் பலனில்லை.

சில எச்சரிக்கைகள். முள்ளந்தண்டு எலும்பு தேய்ந்து நொறுங்கியது என்று டொக்டர் சொல்லியிருந்தால் குனிந்து தட்ட வேண்டாம், நெஞ்சுக்கு நேரே தட்டினால் போதும். பிரஷர் குளிசை குடிப்பவர்கள் எழும்பியவுடன் ஆடத் தொடங்காமல் கொஞ்சம் நின்று பாருங்கள். பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு ஆடாதீர்கள், குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் சப்பாத்துப் போடுங்கள். ரப்பர் செருப்பு யாருக்குமே வேண்டாம். சேலைக் கொய்யகத்தை உயர்த்திச் செருகுங்கள், அழகு போனால் போகட்டும். அடிக்கடி தலை சுற்றுகிறவர்கள், போன வருடத்தில் இரண்டு முறை விழுந்தவர்கள் முதலில் வைத்தியரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரை ஒற்றைக் காலில் பத்து வினாடி நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கு முடியவில்லை. பின்வந்த வருடங்களில் அவர்களிடையே இறப்பும் அதிகமாக இருந்தது. 2022இல் வெளிவந்த ஆய்வு. ஒற்றைக் காலில் நிற்காததால் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அந்தப் பத்து வினாடி உங்கள் உடம்பைப் பற்றி ஏதோ சொல்கிறது.

இப்போது எல்லோரும் எழும்புங்கள். முன்னால் இருக்கிற கதிரையின் முதுகில் ஒரு கை இருக்கட்டும். தங்கச்சிமார் ஒவ்வொருவரும் ஒரு அக்காவின் பக்கத்தில் வந்து நில்லுங்கள். ஒரு காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், நான் எண்ணுகிறேன். கை வேண்டியவர்கள் பிடித்துக்கொள்ளலாம், இது பரீட்சை இல்லை.

நல்லது. காலை இறக்குங்கள். கடைசி வரிசைப் பிள்ளைகள் அந்தக் கதிரைகளைச் சுவரோரம் தள்ளுங்கள், ஆறேழு கதிரைகள் மட்டும் நடுவில் இருக்கட்டும், களைத்தவர்களுக்கு. முன்வரிசை அக்காமார் முதல் வட்டம். பாரதியாரின் பெண்கள் விடுதலைக் கும்மி எல்லோருக்கும் தெரியும், இந்த மண்டபத்தில்தானே பழகினோம். என் குரல் உடைந்துவிட்டது, யாராவது எடுத்துக் கொடுங்கள். வலதுகால் முன்னால்.